பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்கள்

பழைய புகைப்படத்தின் மேல் பொருத்தினால் அதில் இருப்பவர்களைப் பேசவைக்கும் கண்ணாடி ஒன்றைத் தீபாவளித் தள்ளுபடியில் பூரணி வாங்கியிருந்தாள். கணவர் சிவராசன் புதுச்சேரி ஏலத்தில் எடுத்துவந்து ஹாலில் மாட்டிய காங்கோ படத்தின் மேல் அதை முதலில் பொருத்தினாள். வெள்ளைக்காரன் காலத்துப் படம். சட்டத்தின் அடியில், அந்நாட்டு இனம் ஒன்றின் பெயரோடு, 'மோங்கோ தம்பதி' என்று பித்தளைத் தகடு.

"கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று பூரணி ஆசையாகக் கேட்டாள்.

படத்திலிருந்த பெண் முகத்தைச் சுளித்தாள். "எந்தக் கல்யாணம்? என் பேரு பொலும்பு. மீன் விக்க வந்தேன். இந்த ஆளு யாருன்னே தெரியாது. கேமராக்காரன் இழுத்து இவன் பக்கத்துல நிறுத்திட்டான்."

"அன்னைக்கிலேருந்து இவ மீன் கூடை என் கால்மேலயே இருக்கு" என்றான் அந்த ஆள்.

சிவராசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பொலும்பு எதிர்ச்சுவரைக் காட்டினாள். அங்கே பூரணியும் சிவராசனும் மாலையோடு நிற்கும் கல்யாணப் படம்.

"அவங்க ரெண்டு பேரையும் யாரு நிறுத்தினது?"

சிரிப்பு நின்றது. பூரணி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எதிர்ச்சுவரை நோக்கி நடந்தாள்.

"பூரணி, அது இருக்கட்டும்மா. நீ உக்காரு, நான் காபி போட்டுக் கொண்டு வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை. பூரணி உட்கார்ந்தாள். கண்ணாடியை மடியிலேயே வைத்துக்கொண்டு, சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொன்னாள்.