ஆம்பியர் ஓட்டை

மீட்டரின் சிவப்பு வயர் ஆம்பியர் ஓட்டையில் செருகியிருந்தது.

பேனல் கதவைத் திறந்து, முனையை 415 வோல்ட்டில் வைக்கப் போன நேரத்தில்தான் கண்ணில் பட்டது. கை தானாகப் பின்னால் வந்துவிட்டது.

வோல்டேஜை வெளியே நின்று அளக்கலாம், இரண்டு முனையைத் தொட்டால் போதும். கரண்ட் அப்படி இல்லை. லைனைப் பிரித்து நடுவில் மீட்டரைச் சேர்க்க வேண்டும், மொத்தமும் அதன் வழியாகத்தான் ஓடும். அதனால் ஆம்பியர் ஓட்டையில் வயர் இருந்தால் மீட்டர் வெறும் கம்பி. அதை இரண்டு ஃபேஸுக்கு நடுவே வைத்தால் அந்த இடத்திலேயே வெடிக்கும். வைத்தவன் முகம் மிஞ்சாது.

கரண்ட் அளந்து முடித்ததும் வயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைப் பெட்டியில் வைக்க வேண்டும். இதைக்கூடச் செய்யாதவனெல்லாம் எலக்ட்ரீஷியனா?

இந்த மீட்டரைத் தொடுவது இரண்டே பேர், நானும் ஜெகனும். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் எனக்கு ஒன்பது வருடம், இன்னும் காண்ட்ராக்ட். என்னைவிடச் சின்னவன் ஜெகன் பெர்மனென்ட். அந்தத் திமிர் வேறு.

நேராக கேன்டீனுக்குப் போனேன். பத்துப் பேர் முன்னால் கத்தினேன்.

"கட்டையில போறவனே, ஆம்பியர்ல வுட்டுட்டுப் போயிருக்க. நான் செத்துருந்தா எம் பொண்டாட்டிக்கு நீயாடா பதில் சொல்லுவ?"

பின்னால் சேஃப்டி ஆபீசர் நின்றதை நான் கவனிக்கவில்லை. புதிதாக வந்தவர், யார் எந்த ஷிஃப்ட் என்று அவருக்குத் தெரியாது. யார் செய்தது என்று கேட்டார்.

இந்தத் தப்புக்கு பெர்மனென்ட் ஆளுக்கு ஒரு மெமோ. காண்ட்ராக்ட் ஆள் என்றால் கேட் பாஸைப் பிடுங்கி அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

ஜெகன் என்னைப் பார்த்தான். மீதி டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான்.

"நான்தான் சார். மறந்துட்டேன்."

ஆபீசர் அவன் பெயரை எழுதிக்கொண்டு போனார். நன்றாக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

கூட்டம் கலைந்ததும் ஜெகன் பக்கத்தில் வந்தான். முகத்தில் கோபமே இல்லை.

"நேத்து நான் லீவு, தேசப்பண்ணா. திருத்தணில பொண்ணுக்குக் காதுகுத்து, உனக்குக்கூட பத்திரிகை வச்சனே. என் ஷிஃப்டையும் சேத்து நீதான பாத்துகினு இருந்த. ஊட்டுக்குப் போயி தூங்குணா."