விரல் அகலக் கண்ணாடி

முழங்கால் உயரத்தில் யாராவது காலண்டர் மாட்டுவார்களா? வீட்டை விற்கும் சபாபதியிடமே கேட்டேன். "தினம் குனிஞ்சு தேதி கிழிச்சா இடுப்புக்கு நல்லது மேடம்" என்றார். எனக்காக வீட்டைச் சோதிக்க வந்திருந்த இன்ஜினியர் தவமணி காலண்டரைத் தூக்கினார். பின்னால் சுவரில் நீள விரிசல். அதன் குறுக்கே விரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை, இரு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில், ஒட்டிய நாள் என்று ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி எழுதியிருந்தது. "விரிசல் வளர்ந்தா கண்ணாடி உடைஞ்சிடும். உடையலையே. பழைய விரிசல்தான், பயப்படாதீங்க" என்றார் தவமணி. சபாபதி அப்போதுதான் மூச்சு விட்டார். நானும்தான். கை கழுவச் சமையலறைக்குப் போனேன். ஜன்னலோரம், கிழித்த தேதித்தாள்களில் சுற்றி, அதே அகலத்தில் ஏழெட்டுக் கண்ணாடித் துண்டுகள். "இதெல்லாம் எதுக்குங்க?" என்று சபாபதியின் மனைவியிடம் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சாமி படத்துக்கு" என்றார். கூடத்திலிருந்து தவமணி, "மேடம், அக்ரிமென்ட் என்னிக்குப் போடலாம்னு கேக்கிறார்" என்று குரல் கொடுத்தார். நான் ஒரு துண்டை எடுத்து என் ஆள்காட்டி விரல்மேல் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு ஒல்லியாக எந்தச் சாமி இருக்கிறது?