குழி விழுந்த கதவு

சத்தம் கேட்டபோது அவன் வாயில் ஆயுதபூஜைச் சுண்டல் இருந்தது.

மெல்லவில்லை. வாசலுக்கு ஓடினான்.

கார் நிறுத்திய இடத்திலேயே நின்றது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, எல்லாம் வைத்தபடியே இருந்தன. சாலையைப் பார்த்த கதவு மட்டும் உள்ளே போயிருந்தது. அதன் அடியில் ஒரு ஸ்கூட்டர் படுத்துக் கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெல்மெட். வெள்ளைச் சீருடை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டை. பிறகு முழங்காலை.

நர்ஸ் என்று அதிலேயே தெரிந்தது.

எல்லாம் மடங்கின.

எழுந்து நின்றாள். நின்றாள் என்பதையே அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது புரியாத விஷயமில்லை. நடுரோட்டில் திருஷ்டிக்கு உடைத்த நீர்ப்பூசணி நசுங்கிக் கிடந்தது. நீர்ப்பூசணி பார்க்கத்தான் கெட்டி. உடைத்தால் உள்ளே முக்கால்வாசி தண்ணீர். அந்தச் சதைமேல் சக்கரம் ஏறினால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துகொள்ளும். ரப்பர் தாரைப் பிடித்தால்தான் பிரேக்குக்கு வேலை. பிடிக்காதவரை அது கைக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான்.

கதவும் அப்படித்தான். வெளியே தெரிவது வெறும் தகடு. கட்டைவிரலால் அழுத்தினால்கூட அமுங்கும். உள்ளே குறுக்காக ஓர் இரும்புக் குழாய் உண்டு. தகடு மடங்கி மடங்கி வருகிற வேகத்தைத் தின்னும். மிச்சத்தைக் குழாய் வாங்கிக்கொள்ளும்.

கெட்டுப்போவதுதான் தகட்டின் வேலை. அதைச் சரியாகச் செய்திருந்தது.

கார் மறைத்து நின்ற சாலையோரத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம். கட்டி முடிக்காத சுவரிலிருந்து கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன.

கார் அங்கே இல்லாதிருந்தால் என்று நினைக்கத் தொடங்கியவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நல்லவேளைங்கண்ணா, உங்க காரு நின்னுச்சு" என்றாள் அவள். அப்போதுதான் குரல் நடுங்கியது. "டூட்டிக்கு நேரமாச்சுன்னு வெரசா வந்துட்டனுங்க. என் தப்புதான். செலவ மாசாமாசம் குடுத்தர்றேன். போலீஸ் மட்டும் வேண்டாங்க."

எதிர்வீட்டுச் சின்னராசு லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார்.

"திருஷ்டி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்குங்க. இன்சூரன்ஸ் இருக்குதுல்ல? இந்தப் புள்ள வண்டி நெம்பரக் குடுத்து, நின்ன காருல வந்து இடிச்சுருச்சுன்னு சொல்லிப்போடுங்க. நின்ன வண்டிமேல என்னங்க தப்பு இருக்கப் போவுது?"

இன்சூரன்ஸ் இருந்தது.

அது ஒரு ஏணி மாதிரி. ஒரு வருடம் எதுவும் கேட்காமல் இருந்தால் அடுத்த வருடம் கட்டணத்தில் தள்ளுபடி. இன்னொரு வருடம் பொறுத்தால் தள்ளுபடி இன்னும் கூடும். ஒருமுறை கை நீட்டினால் ஏணியின் அடிக்கு வந்துவிட வேண்டும். அவன் உச்சியில் இருந்தான். ஆனாலும் கதவையே மாற்ற வேண்டியிருக்கும். கேட்பதுதான் லாபம்.

போனை எடுத்தான்.

தெருவெல்லாம் பூசணிக்காய். வீட்டுக்கு வீடு உடைத்திருந்தார்கள். எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

அவனுக்குத் தெரியும்.

விடியலில் ஷாம்பு போட்டுக் கழுவிய கார். வாசலில் உடைத்தால் தெறிக்கும் என்று, சூடம் ஏற்றிய காயைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போனான். ஓங்கி அடித்தான். காரின்மேல் ஒரு விதைகூடப் படவில்லை. அந்தத் திருப்தியோடுதான் சுண்டல் சாப்பிட உட்கார்ந்தான்.

போனில் ஒரு பெண்குரல் வணக்கம் சொன்னது. பாலிசி எண்ணைக் கேட்டது. சொன்னான். எப்போது நடந்தது என்று கேட்டது. சொன்னான்.

"இடிச்ச வண்டி நம்பர் சொல்லுங்க சார்."

ஸ்கூட்டரின் நம்பர் தகடு அவன் காலடியில் இருந்தது. படிக்கலாம்.

அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டாள்.

"இடிக்க வச்சது பூசணிக்காங்க" என்றான். "நடுரோட்டுல ஒடச்சது நான்."

"சார்?"

"அந்தப் பொண்ணு வழுக்கி வந்துச்சு. எங்காரு புடிச்சுக்கிச்சு. வேண்டாம்மா, எதுவும் எழுதாதீங்க. கதவ நானே பாத்துக்கறேன்."

போனைப் பையில் போட்டான்.

சின்னராசு மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார்.

அவள் அவனைப் பார்த்தாள். நசுங்கிக் கிடந்த பூசணியைப் பார்த்தாள். கம்பிகளைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா" என்று ஆரம்பித்தாள். "உங்க வாசல்ல அடிச்சா ஒடையாதுங்களா அது? காரு அழுக்காகக் கூடாது, ரோட்டுல போறவன் பல்லு போனாப் பரவால்லீங்களா? இதுல நான் உங்களுக்கு மாசாமாசம் வேற குடுக்கறேன்னேன்!"

குரலில் இப்போது நடுக்கமே இல்லை.

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. "விடு கண்ணு" என்றார் சின்னராசு. அவள் விடவில்லை. ஹெல்மெட்டை சீட்டில் வைத்துவிட்டுக் கையை வீசி வீசிப் பேசினாள். தோளிலிருந்து விரல்நுனிவரை, கை தாராளமாக வீசியது. இரண்டு கைகளும்.

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. சின்னராசு அதை அவமானம் என்று நினைத்திருப்பார்.

மூச்சு வாங்க அவள் ஒரு நிமிடம் நிறுத்தினாள்.

இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது அவனுக்கு.