சிவப்பு அங்கியின் வயிற்றெரிச்சல்

வானத்தில் பறக்கும் வீரனைப் பற்றிய சினிமாவுக்காகத் தைத்த சிவப்பு அங்கி ஒன்று இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடிகர் தென்னவன் வந்தாலே, படப்பிடிப்பு பார்க்க வந்த கூட்டம் விசிலடிக்கும். ஆனால் எல்லாருடைய கண்ணும் அவர் முகத்திலேயே இருக்கும். அங்கிக்கு வயிறு எரிந்தது.

"நான் இல்லேன்னா இந்த ஆளை யார் வீரன்னு சொல்லுவாங்க?" என்று பறக்கும் காட்சிகளில் அவரைத் தூக்கும் இரும்புக் கயிற்றிடம் பொருமியது.

"தூக்குறவனே நான்தான். நானே சும்மா இருக்கேன், நீ ஏம்மா குதிக்கிறே?" என்றது கயிறு.

மறுநாள், தீப்பிடித்த வீட்டிலிருந்து குழந்தையைக் காப்பாற்றும் காட்சிக்காகத் தென்னவன் அந்தரத்தில் தொங்கியபோது, அவர் மானம் போகட்டும் என்று அங்கி தோள் கொக்கியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கூட்டம் சிரிக்கப்போகிறது என்று ஆசையோடு காத்துக் கிடந்தது.

தென்னவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எரியும் மாடியில் அழுதுகொண்டிருந்த குழந்தையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இதோ வந்துட்டேன்டா கண்ணு!"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை; எல்லாருடைய கண்ணும் அவர் முகத்திலேயே இருந்தது.

"ஐயோ, சீக்கிரம் பறந்து போங்களேன்!" என்று ஒரு குரல் பதறியது.

அது தன் குரல்தான் என்று புரிந்தபோது, அங்கிக்கு வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.