விளம்பரத்தில் நடக்கிறவன்

பைறோஸா தன் வீட்டு ஜன்னலால் கூப்பிட்டாள்.

"செலீன், ஓடி வாங்க! றேமண்ட் நானா நடக்குறாரு!"

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த ஜீன்ஸ் விளம்பரத்தின் கிற்றார் சத்தம் தொடங்கிவிட்டது. தமிழ்ச் செய்திக்கு முன் தினமும் அது வரும்.

என் மனைவி செலீன் அடுப்பைத் தணித்தாள். ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள்.

நான் கதிரையில் இருந்தபடி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டிலும் பெட்டி இருக்கிறது. கறுப்பு வெள்ளை. அதில், பைறோஸா அண்ணன் முறையில் நானா என்கிற அவன் சாம்பல் நிறக் காற்சட்டையோடு நடப்பான். பைறோஸா வீட்டில் அது நீலம். ஆகவே செலீன் அங்கே போய்விடுவாள்.

மின்வெட்டு வரும் நாட்களில் எங்கள் கொட்டாஞ்சேனை முழுவதும் திட்டும். நான் திட்டுவதில்லை.

இந்தக் கொம்பனி முதலில் ஒரு குதிரையை வைத்து விளம்பரம் எடுத்தது. அடுத்ததில் மோட்டார் சைக்கிள். குதிரைக்கும் வழியில்லை, மோட்டார் சைக்கிளுக்கும் வழியில்லை என்று நம் பெடியன்கள் ஜீன்ஸையும் வாங்காமல் விட்டார்கள். அதற்குப் பிறகுதான், நடக்க ஒருவன் போதும் என்று கொம்பனிக்கு விளங்கியது.

படம் பிடித்தது துறைமுகத்தில். கூட்டிவந்த நடிகன் நல்ல வடிவு. ஆனால் ஈரத் தண்டவாளத்தில் கால் வைக்கப் பயந்து, கோழி மாதிரித் தத்தித் தத்திப் போனான். அந்த நேரம் பார்த்து, கப்பலில் இறங்கும் மூட்டைகளைக் குறிக்கும் கிளாக்கர் ஒருவன் அந்த வழியால் வந்தான். படம் எடுக்கிறவர்கள் அவனை மறித்து, ஜீன்ஸைக் கொடுத்து, நடக்கச் சொன்னார்கள்.

ஆகவே கடைசியில் சிரிக்கிற முகம் நடிகனுடையது. இடுப்புக்குக் கீழே நடப்பது றேமண்ட்.

நாட்டுக்கு இது தெரியாது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அவசரமே இல்லாதவன் போல நடப்பான். ஆனால் யாராலும் அவனை எட்டிப் பிடிக்க முடியாது. எந்தச் சோதனைச் சாவடியிலும் அவனை நிறுத்துவதில்லை. அவனிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. தினமும் அதே தண்டவாளம், அதே மழைத் தண்ணீர், ஒரு தடவையாவது வழுக்க வேண்டுமே!

கல்யாணத்துக்கு முன்பே செலீனுக்கு அவனைத் தெரியும். காலிமுகத்திடலில் அவனோடு இறால் வடை தின்றிருக்கிறாள். அவன் நடைக்கு ஈடு கொடுக்க முடியாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் மெல்லப் போங்களேன்" என்று பின்னால் ஓடியிருக்கிறாள்.

என்னிடம் அவள் அப்படிச் சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படம் பிடித்து முடிந்ததும் கொம்பனி அந்த ஜீன்ஸை அவனுக்கே கொடுத்துவிட்டது. அது இப்போது எங்கள் அலுமாரியில், என் சட்டைகளுக்குக் கீழே இருக்கிறது. செலீன் பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறாள்.

யாருக்காவது கொடுத்துவிடு என்று பல தரம் சொல்லிவிட்டேன். ஓம் என்பாள். கொடுப்பதில்லை.

"செலீன், முடியப் போவுது! புள்ள, என்ன செய்றீங்க?"

பைறோஸாவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அதனால் அவளோடு கோபிக்கவும் முடியவில்லை.

இன்று செலீன் வாசலுக்குப் போகவில்லை. அலுமாரியைத் திறந்தாள்.

சட்டைகளுக்குக் கீழே கையை விட்டு ஜீன்ஸை இழுத்தெடுத்தாள். மேசையில் விரித்தாள். முழங்கால் இருந்த இடத்தில் விழுந்திருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். ஒரு தரம். பிறகு இன்னொரு தரம்.

என் தோளைக்கூட அவள் அவ்வளவு மெதுவாகத் தொட்டு நாளாயிற்று.

அங்கே அவன் கடைசித் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருப்பான். எனக்குப் படம் தேவையில்லை. கிற்றார் எந்த இடத்தில் ஏறும், அவன் எந்தக் காலை வைப்பான் என்பது எனக்குப் பாடம்.

"போய்ப் பாரன்," என்றேன். "உன்ட ஆள் போகப்போறான்."

அவள் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

தடித்த துணி. முதல் வெட்டு இறங்க மறுத்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள். இடது காலை, முழங்காலுக்குச் சற்று மேலே, குறுக்கே வெட்டிக்கொண்டு போனாள். கரகரவென்ற அந்தச் சத்தத்தில் கிற்றார் கேட்கவில்லை.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை," என்றாள் வெட்டிக்கொண்டே. "கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போறம். உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்த நான் எவ்வளவு நாளைக்குத் தனியப் போறது? அந்தோனியாரே கேக்கப் போறார், உன்ட மனுசன் எங்க எண்டு."

சுவரோடு சாய்த்திருந்த ஊன்றுகோல்களை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"எழும்புங்க, றேமண்ட். அளவு பாக்கணும்."

கொழும்புக் கோட்டையில் வெடித்த குண்டில் இடது கால் போன பிறகு நான் அந்த ஜீன்ஸைப் போட்டது இன்றுதான். வலது காலில் அது இன்னமும் அளவாக இருந்தது. செலீன் தரையில் முழந்தாளிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, இடது பக்கத்தை உள்ளே மடித்து மடித்துக் குத்தினாள். ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் செய்தி தொடங்கியது.

வெட்டின கால் மேசையில் கிடந்தது. அதைக் குப்பையில் எறிவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அதை நாலாக மடித்தாள். என் சட்டைகளுக்குக் கீழே வைத்தாள். புதிதாக ஒரு பூச்சி உருண்டையும் போட்டாள்.