பட்டம் வாங்கிய நாளின் நகல்

"சோதனை வயல் தண்ணிய மழைக்கு மறுநாள் எடுத்தோம், உப்பு குறைச்சலாத்தான்..."

"மழையெல்லாம் கணக்குல சேத்தாச்சு. குறுக்க பேசாத."

"நீ சேக்கலடி! எனக்குத் தெரியாதா?"

இரண்டும் ஒரே குரல். பூங்கொடி முனைவர் பட்டம் வாங்கிய அன்றே, வழக்கப்படி, ஆய்வுக்கூடம் அவள் அறிவைக் கணினியில் நகலெடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டது. அவளோ இன்றுவரை வேலை தேடுகிறாள். அவளுடைய ஆய்வேட்டை நம்பி நகல் உருவாக்கிய உப்பு தாங்கும் நெல்லை நாளை கடலோர ஊர்களில் நடப்போகிறார்கள். ஆய்வேட்டிலேயே பிழை இருப்பது போன வாரம்தான் பூங்கொடிக்குத் தெரிந்தது.

இயக்குநர் தேவசகாயம் தொண்டையைச் செருமினார். "அதுவும் உங்க மூளைதானேம்மா? அது சரின்னுதானே சொல்லுது?"

"பட்டம் வாங்கினப்போ நானும் அப்படித்தான் சார் சொன்னேன்."

"வேலை கிடைக்காத வயித்தெரிச்சல் சார் இவளுக்கு," என்றது நகல்.

பூங்கொடிக்குக் கோபம் வரவில்லை. பயந்துபோனால்தான் அவளும் இப்படிக் குத்திப் பேசுவாள். அப்படியானால் நகலுக்கும் பிழை தெரிந்துவிட்டது. ஒலிபெருக்கியருகே குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேலை இல்லாம இருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்டி. இருந்தாலும் உண்மைய சொல்லிடு."