வாசலில் நின்ற மரணம்

கண்டியில் ஒரு தேவாலய நூலகத்தில் றேணுகா பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெபப் புத்தகம் ஒன்றில் நல்மரணத்தைப் பற்றி ஒரு படம் இருந்தது. கட்டிலில் ஒரு நோயாளிப் பெண். பக்கத்தில் உட்கார ஆளில்லாத வெறுங்கதிரை. வாசலில் மரணம், அங்கி போட்ட எலும்புக்கூடாக, கதவுநிலையைப் பிடித்தபடி நின்றது.

கலகெதர வீட்டில் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பிறையன் போன் எடுத்தான்.

“அம்மா உன்னையே கேக்குறாங்க. இன்னைக்கே வா.”

“இந்தப் புத்தகத்த முடிச்சிட்டு ஞாயித்துக்கிழம வர்றேண்ணே.”

போன மாதமும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள்.

அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து திரையைப் பார்த்தபோது படத்தின் வாசலில் யாருமில்லை. எலும்புக்கூடு கதிரையில் உட்கார்ந்து நோயாளியின் பக்கம் குனிந்திருந்தது. புத்தகத்தைப் பார்த்தாள். தாளில் அது வாசலிலேயே நின்றது. மறுபடி ஸ்கேன் செய்தாள். திரையில் மறுபடியும் கதிரையில்தான் இருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கட்டுகஸ்தோட்டையைத் தாண்டும்போது அண்ணன் மீண்டும் எடுத்தான். அழுதுகொண்டிருந்தான்.

“அம்மா போயிட்டாங்க றேணு. நீ வந்துட்டேன்னு எவ்வளவு சந்தோஷமா என்னக் கூப்பிட்டுச் சொன்னாங்க! நான் உனக்குத் தேத்தண்ணி ஊத்திட்டு வர்றதுக்குள்ள ஏன் எந்திரிச்சுப் போயிட்ட? உன் கை குளிருதுன்னு பாவம், அவங்க போர்வையக்கூட உனக்குக் குடுத்துட்டாங்களே.”

றேணுகா பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்; கலகெதரவுக்கு இன்னும் பாதி வழிக்கு மேல் இருந்தது.

வீட்டில் அம்மாவின் கட்டிலருகே கதிரை கிடந்தது. அம்மாவின் போர்வை, உட்கார்ந்திருப்பவரின் தோளில் போர்த்தியதுபோல, அதன் முதுகைச் சுற்றிக் கிடந்தது.